கிரியாட்டினின் 1.0 என்றால் நிம்மதியா? முதியோர் சிறுநீரகம் பற்றிய கேள்வி பதில்

காங்கேயம்: அம்முச்சிக்கு 82 வயது, 42 கிலோ, உயரம் 148 செ.மீ. கிரியாட்டினின் 1.0, ரிப்போர்ட்டில் நார்மல். கவலையில்லையே டாக்டர்?

பதில்: கவலைப்பட வேண்டும் தம்பி. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதை வெளியேற்றுவது சிறுநீரகம். அம்முச்சியின் புஜத்தைப் பிடித்துப் பாருங்கள். எலும்பும் தோலுமாக இருந்தால் ரத்தத்தில் சேர்வதே சொற்பம். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் ஏறாது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று மதிப்பிடும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கைப் போடுங்கள். 140இல் வயதைக் கழித்தால் 58. அதை 42ஆல் பெருக்கி, 72ஆலும் கிரியாட்டினினாலும் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 29 மில்லிதான், இது குறைவு. அவர் விழுங்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அது சிறுநீரகத்துக்கு ஆகாது.

தாராபுரம்: அப்பாருக்கு 0.9. நார்மல்தானே?

பதில்: வயது? எடை? மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தியூர்: அப்பாவுக்குப் போன மாதம் 1.1, இப்போது 1.6. முந்தின இரவு கோயில் கெடா விருந்து.

பதில்: வெந்த கறியே கிரியாட்டினினைச் சில மணி நேரம் ஏற்றிவிடும். ஒரு நாள் கறியைத் தவிர்த்து, தண்ணீர் போதுமான அளவு குடிக்கச் சொல்லி, இந்த வாரமே மறுபடி பாருங்கள். அப்போதும் 1.6 என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். விருந்து முடிந்து உடம்பு வலிக்கு மாத்திரை போட்டாரா என்றும் கேளுங்கள்.

ஈரோடு: ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் 2021 சிகேடி–எபி சூத்திரம் அந்தக் காங்கேயம் அம்முச்சிக்கு 56 தருகிறது. 1976இன் பழைய காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தை வைத்து ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. உங்கள் 56, உடல் பரப்பு 1.73 சதுர மீட்டர் உள்ளவருக்கான எண். அம்முச்சிக்கு 1.3தான், அவர் உடம்புக்கு மாற்றினால் 43 அளவுக்கு வரும். அதிலும் தசை மெலிவு கணக்கில் இல்லை. என்னுடைய சூத்திரத்திலும் குறை உண்டு: பெரும்பாலும் ஆண் நோயாளிகளை வைத்து உருவானது, முதியவர்களுக்குக் குறைத்தே காட்டும் பழக்கம் உள்ளது.

ஈரோடு: அப்படியானால் 56ஐயே எடுத்துக்கொள்ளலாமே?

பதில்: நோயின் நிலையைச் சொல்ல எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவுக்கு வேண்டாம். டாபிகாட்ரான் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளின் ஆய்வுகள் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கை வைத்தே நடந்தன. 56ஐ நம்பி முழு அளவு கொடுத்து, உண்மை 30ஐ ஒட்டி இருந்தால், ரத்தக்கசிவில் படுப்பது அம்முச்சிதான். இரண்டு எண்களும் இரண்டு முடிவுகளுக்கு இழுத்தால் சிஸ்டாட்டின்–சி என்ற ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். அது தசையைச் சார்ந்ததல்ல. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதை மாற்றும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி: சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு?

பதில்: யூராலஜி மருத்துவரைக் கேளுங்கள்.

கோபி: ஆத்தாவுக்கு 1.1. நார்மல்தானே?

பதில்: எடை சொல்லாமல் இனி யாருக்கும் பதில் இல்லை.

பெருந்துறை: அப்பாவுக்கு 80 வயது, 68 கிலோ, இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு) 55. டயாலிசிஸ் வருமா?

பதில்: இந்த ஓர் எண்ணை வைத்து அந்தப் பயம் வேண்டாம். வயதோடு கொஞ்சம் குறைவது இயல்பு. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள், மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். அதுவரை வலி மாத்திரை வேண்டாம்.