ஒதுக்கீடு நிறைந்த புளோக்கில் வீடு தேடும் தம்பிக்கு

தம்பி, நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டுகள் காத்திருந்து, சிங்கப்பூரில் பிடித்த வீட்டைக் கண்டுபிடித்தால், "இந்த புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு நிறைந்துவிட்டது" என்கிறார்கள். இது பாகுபாடு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே கோபம்தான்.

ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஒவ்வோர் இனத்தவரும் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் வீடு வைத்திருக்கக் கூடாது என்ற இந்த விதி அரசு அடுக்குமாடிகளில் 1989 முதல் இருக்கிறது. அறிவித்த அமைச்சர் தனபாலனே தமிழர்! 1964-இல் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடந்த கலவரங்களின் நினைவு ஆறாத ஊர் இது. பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும் ஹவ்காங்கில் சீனர்களும் மீண்டும் தனித்தனியே திரளத் தொடங்கியதும் அரசு கணக்குப் போட்டது. இப்போது ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு வரை, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15. அந்த 15-க்குள்தான் நான்கு தலைமுறையாக இங்கே வாழும் தமிழரும், பஞ்சாபியரும், ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தவரான யுரேசியரும், நேற்று வந்த நாமும். "உங்களைப் போன்றவர்கள் வந்துதான் எங்களுக்கு இடமில்லை" என்று உள்ளூர்த் தமிழர் ஒருவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். சீனர் எவரும் சொன்னதைவிட அது அதிகமாகச் சுட்டது.

வாங்குபவருக்கு அலைச்சல், விற்கும் சிறுபான்மையினருக்கோ நட்டம். எங்கள் தளத்தில் இருந்த மலாய் மக்சிக் (மலாயில் 'அத்தை' போன்ற மரியாதைச் சொல்) மகள் வீட்டோடு போக நினைத்தார். புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்திருந்ததால், அவர் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. ஆசையாகப் பார்த்துவிட்டுப் போன சீனக் குடும்பங்கள் எத்தனையோ! எட்டு மாதம் இழுத்து, விலையைக் குறைத்துத்தான் விற்றார். பக்கத்துச் சீனர் அதே அளவு வீட்டை மூன்று வாரத்தில் விற்றுவிட்டார். இப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு அரசே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல்தான் வந்தது.

ஆனாலும் இந்த விதியை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகைக்கு அறை தேடிய காலத்தில், தொலைபேசியில் பெயரைக் கேட்டதுமே "இந்தியர் வேண்டாம், சமையல் கூடாது" என்று வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் விருப்பத்துக்கே எல்லாவற்றையும் விட்டிருந்தால், மக்சிக்கும் நானும் ஒரே மின்தூக்கியில் ஏறியிருக்க மாட்டோம்.

ஒன்று கவனியுங்கள்: மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குப் புளோக்கில் 8 விழுக்காடு என்று தனி வரம்பும் உண்டு. ஒதுக்கீட்டு நிலவரம் மாதத்தின் முதல் நாள் மாறும். இரண்டையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.