தாத்தா எழுதிவைத்த வம்சாவளி சரிதானா என்று டி.என்.ஏ. சோதனையில் தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் எந்தச் சோதனை என்று தெரியாமல் பணத்தைக் கட்டினால் எங்கள் வீட்டில் நடந்ததுதான் உங்கள் வீட்டிலும் நடக்கும். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம் என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் அம்மா வீட்டில் ஒரு பழைய நோட்டு இருந்தது. பாட்டியின் அண்ணன் ஓலையைப் பார்த்துப் பிரதி எடுத்தது. ஆறு காரணவர்களின், அதாவது குடும்பத் தலைவர்களின், பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக, பக்கத்தில் வருடம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் சித்தி மகன், ஆராய்ச்சி பண்ணப் போகிறேன் என்று அதை வாங்கிக்கொண்டு போனான். மூன்றாவது பெயருக்கு நேரே 1042 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ‘நம்ம குடும்பம் ராஜேந்திர சோழன் காலத்துக் குடும்பம்’ என்று வாட்ஸாப் குழுவில் போட்டான். அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு, 825 கூட்டினால் 1867 வரும் என்று நான் சொன்ன பிறகுதான் அடங்கினான்.

அதோடு விட்டிருக்கலாம். மூன்றாவது காரணவரின் மகன் வழிப் பேரன் ஒருவரைப் பறக்கை ஊரிலும், ஆறாவது காரணவரின் மகன் வழிப் பேரனைத் திருவனந்தபுரத்திலும் தேடிப் பிடித்து, இருவருக்கும் ஒய் குரோமோசோம் சோதனை செய்ய வைத்தான். ஒய் என்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. முடிவு வந்தது, இரண்டும் ஒட்டவே இல்லை. ‘நடுவில் எங்கேயோ தப்பு நடந்திருக்கு’ என்று குழுவில் எழுதினான். தப்பு என்று யாரைச் சொல்கிறான் என்பது வீட்டுப் பெண்களுக்குப் புரியாதா? எங்கள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தப்பு அவன் கேட்ட கேள்வியில். நாங்கள் மருமக்கள் வழிக் குடும்பம். காரணவர் இறந்தால் அடுத்து வருவது அவர் தம்பி, தம்பி இல்லையென்றால் உடன்பிறந்தாள் மகன். பெற்ற மகனுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது, அவன் தன் அம்மாவின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தை, சேர்ந்தவன். இந்த முறையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது 1926-ல், கொல்லம் 1101. அதுவரை எங்கள் பக்கம் நடந்தது இதுதான். அப்படியென்றால் மூன்றாமவரும் ஆறாமவரும் தாய்மாமன், மருமகன் முறை. அவர்களுடைய ஒய் ஏன் ஒத்துப்போக வேண்டும்? ஒத்துப்போயிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

மருமக்கள் வழிப் பெருமை பேச வந்துவிட்டான் என்று கமெண்ட் போட வேண்டாம். அந்த முறையில் பெற்ற பிள்ளைகள் பட்ட பாட்டைத் தேரூர்க்காரர் கவிமணியே நையாண்டி செய்து பாடியிருக்கிறார். நான் கணக்கைத்தான் சொல்கிறேன்.

தறவாட்டு வழியைப் பார்க்க வேண்டுமென்றால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பார்க்க வேண்டும். அது அம்மாவிடமிருந்துதான் வரும். மகனுக்கும் வரும், ஆனால் மகன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டான். என் அம்மாவும் சித்தியும் அந்தத் தறவாட்டுப் பெண்கள். ஆக, ஊர் ஊராகப் போய்த் தேடியது இவன் வாயிலேயே இருந்தது. தேரூரில் ஒரு பெரியம்மை இருக்கிறாள், 81 வயது. அவளுடைய பாட்டியும் எங்கள் பாட்டியின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள் என்பது நோட்டுக் கணக்கு. அவளைக் கெஞ்சித்தான் எச்சில் வாங்கினோம். ‘இன்னும் என்னத்தக் கண்டுபிடிக்கப் போறிய மக்கா’ என்றாள். ஒத்துப்போனது.

அதை வைத்தும் துள்ள முடியாது. மைட்டோகாண்ட்ரியா மிக மெதுவாக மாறுவது. ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன் பிரிந்தவர்களுக்கும் ஒரே மாதிரி இருக்கலாம். நோட்டைப் பொய் என்று சோதனை காட்டவில்லை, அவ்வளவுதான், மெய் என்று நிரூபணம் ஆகாது. எல்லா உறவையும் சேர்த்துக் காட்டும் ஆட்டோசோமல் சோதனையிலோ வேறு சிக்கல். சித்தி மகன், பெரியப்பா மகன் முறைக்காரர்கள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ. பகிர்வார்கள். நம் வீடுகளில் மாமன் மகளையும் மாமி மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வைத்திருப்பதால் அந்த அளவு கூடும். பெரியம்மை காகிதத்தில் தூரம், சோதனை முடிவில் கிட்டத்து உறவு.

கடைசியில் உறுதிப்படுத்தியது, அந்தச் சட்டத்துக்குப் பிறகு எழுதிய பாகப்பத்திரம்தான். பெண்கள், அவரவர் பிள்ளைகள், எல்லோர் பெயரும் அதில் இருந்தது. அதன் நகல் வாங்க நான் நாலு தடவை அலைந்தேன். கூட வர ஒருவரும் இல்லை. எச்சில் குழாய்க்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர்கள் முத்தாரம்மன் கோவில் கொடைக்கு ஐந்நூறு ரூபாய் வரி கேட்டால் ‘ஜிபே வேலை செய்யல அண்ணா’ என்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் பொங்கல் வைக்கக்கூட ஆள் இல்லை. சரி, அது வேறு கதை.

நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் உங்களுடையது மக்கள் வழியா மருமக்கள் வழியா என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். மக்கள் வழி, அதாவது அப்பாவுக்குப் பின் மகன் என்றால், ஒய் சோதனைக்கு அர்த்தம் உண்டு. சோதனைக்குக் கொடுக்கிற ஒவ்வொருவரிடமும் என்ன முடிவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

தம்பி, இதை நீ படித்தால், அந்த நோட்டு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.