கணவர் கத்தாரில், கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள்: திருகோணமலையில் யாரிடம் போய்க் கேட்பது?

பாலையூற்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் வவுனியா. கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்தவர். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். மகனுக்கு இரண்டரை வயது, மகளுக்கு ஐந்து மாதம். வீட்டில் மாமியார் இருக்கிறார், ஆனால் முழங்கால் வருத்தம், பிள்ளைகளைத் தூக்க முடியாது. "மூத்தவன் ஆறேழு சொல்தான் கதைக்கிறான். ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்பவே நேசரிக்கு விட்டால் சரியாகுமா? எங்களைப் போல ஆக்களுக்கு இங்கே என்ன உதவி இருக்கிறது? ரெண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கந்தோராக அலைய என்னால் ஏலாது" என்று கேட்கிறார்.

தங்கச்சி, உங்கள் கடைசி வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொரு கந்தோராக அலையத் தேவையில்லை. உங்கள் பகுதிக்கென்று ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். நாம் எல்லாரும் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவர். மகள் பிறந்த கையோடு வீட்டுக்கு வந்து பார்த்தவரும் அவராகத்தான் இருக்கும். ஊசி போடவும் நிறை பார்க்கவும் மட்டும்தான் அவர் என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். உண்மையில் உங்கள் வீட்டு நிலைமையைத் தெரிந்துகொண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழிகாட்டக்கூடிய முதல் ஆள் அவர்தான். இரண்டு வயது வரை மாதம் ஒருமுறை, அதன் பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறை பார்க்க வேண்டும். மகளைக் கொண்டுபோகும் நாளிலேயே மகனையும் கூட்டிப்போங்கள். இரண்டு பேருடைய கிளினிக் புத்தகங்களும் கையில் இருக்கட்டும். "கணவர் வெளிநாட்டில், உதவிக்கு ஆள் இல்லை" என்பதை நீங்களாக வாய் திறந்து சொல்லுங்கள். நன்றாக உடுத்தி, பிள்ளையைச் சுத்தமாகக் கொண்டுவரும் தாய்க்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று கிளினிக் நெரிசலில் யாருக்கும் தெரியாது.

இனி மகனின் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் அவசரமாகப் பட்டது இதுதான்.

ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்திக் கதைப்பது உண்டு. ஆனால் இரண்டு வயது முடியும்போது ஏறக்குறைய ஐம்பது சொற்களாவது வரவேண்டும், "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டரை வயதில் ஆறேழு சொல் என்றால் அதைப் 'பிந்தல்' என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது. பயப்படச் சொல்லவில்லை. பரிசோதிக்கச் சொல்கிறேன். பல பிள்ளைகளுக்குச் சின்னக் காரணம்தான் இருக்கும். அதைப் பார்த்தால்தானே தெரியும்!

போவதற்கு முன் வீட்டில் சில நாள் கவனியுங்கள். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? கையால் காட்டாமல் "செருப்பை எடுத்து வா" என்றால் விளங்குகிறதா? வானத்தில் பிளேன் போனால் விரலால் காட்டி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? முன்பு சொன்ன சொல் எதையாவது இப்போது சொல்லாமல் விட்டுவிட்டானா? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூப்பிட்டும் திரும்பாவிட்டால், சுட்டிக் காட்டாவிட்டால், இருந்த சொல் மறைந்திருந்தால் அடுத்த கிளினிக் வரை பொறுக்க வேண்டாம், நேரே சுகாதார வைத்திய அதிகாரியைப் பாருங்கள். அவர் தரும் கடிதத்தோடு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குப் போகலாம். கேட்கும் திறனை முதலில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடிக்கடி சளி பிடித்து, காதுக்குள் நீர் கட்டி, அரைகுறையாகக் கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை, பிள்ளைக்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்துவிடுவோம்.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா தூரத்தில் இருக்கிற வீட்டில் போன்தான் அப்பாவின் முகம், அதைக் குறை சொல்ல மாட்டேன். தகப்பனோடு வீடியோவில் கதைப்பது நல்லது. தனியே விட்டுக் கார்ட்டூன் பார்க்க வைப்பதுதான் பிரச்சினை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. போனைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டு எண்ணுகிற பிள்ளை தண்ணீர் கேட்கத் தெரியாமல் அழுவதைத் திருகோணமலை வீடுகளில் நிறையப் பார்க்கிறோம். எண்ணுவது ஒப்புவித்தல். கதைப்பதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். மாமியாரால் தூக்க முடியாவிட்டாலும் கதைக்க முடியுமே. பின்னேரத்தில் அவனை அவர் பக்கத்தில் இருத்தி, கீரை ஆயும்போதும் பருப்புப் புடைக்கும்போதும் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். அவன் ஒரு சொல் சொன்னால் அவர் இரண்டு சொல்லாகத் திருப்பிச் சொல்லட்டும். "சொல்லு, சொல்லு" என்று நெருக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் சிங்களம் பேசுகிறார்கள், அதனால் பிள்ளை குழம்புகிறான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு நின்றுபோவதில்லை.

நேசரியைப் பொறுத்தவரை, இங்கே மூன்று வயதளவில்தான் சேர்ப்பார்கள். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் காதையும் பேச்சையும் பார்த்து முடித்துவிட்டால் ஆசிரியையிடம் விவரத்தோடு ஒப்படைக்கலாம். நேசரி பேச்சுக்கு உதவும், சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கு ஈடாகாது. இடம் தேடும்போது மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தில் பதிவு செய்ததா என்று கேளுங்கள். பிறகு ஒருநாள் காலையில் சும்மா போய் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் நல்ல இடம். மூன்று வயதுப் பிள்ளைகள் வரிசையில் இருந்து 'அ' எழுதிக்கொண்டிருந்தால், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அங்கே விடமாட்டேன்.

மகளுக்கு அடுத்த மாதம் ஆறு மாதம் முடிகிறது. அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும். ஆறாம் மாத ஊசியோடு சாப்பாடும் தொடங்கலாம். பெட்டியில் விற்கும் சீரியல் மாவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். குழையச் சமைத்து மசித்த சோறும் பருப்பும், சில நாள் கழித்து முட்டை, கீரை, முள் நன்றாக எடுத்த மீன். நம்முடைய கடற்கரையில் வாங்கும் சூடையும் கீரி மீனும் மலிவு, சத்தில் பெரிய மீனுக்குக் குறையாது. ஒரு வயது வரை உப்பு, சீனி சேர்க்க வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமா பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள்: "முதல் தந்தார்கள், இப்ப தருவதில்லை, காரணமும் சொல்லவில்லை." கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்குப் பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரைக்கும், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அது இலவசமாகக் கிடைக்க வேண்டியது. அப்படியென்றால் இந்த மாதம் உங்களுக்கு உண்டு. சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் உற்பத்தி குறைந்து கிளினிக்குக்கு வராமல் போவதும் நடந்திருக்கிறது, அதனால் மிஸ்ஸோடு கோபிக்க வேண்டாம், எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். கிடைத்தால் அதை நீங்களே சாப்பிடுங்கள். தாய்க்குத் தந்த பக்கற்றை மாவுருண்டையாக்கி வீடு முழுக்கப் பங்கிட்டுவிட்டு, தாய் வெறும் தேத்தண்ணியோடு இருப்பது நம் வீடுகளில் வழமை. மகனுக்கு நிறை குறைந்திருந்தால் அவனுக்குத் தனியாகத் தருவார்கள்.

கிளினிக்குக்கு அடுத்தது பிரதேச செயலகம். பாலையூற்று என்றால் உங்களுக்குப் 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகம். அங்கே போய் "உதவி ஏதும் இருக்கா" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள். பதவியைச் சொல்லிக் கேளுங்கள்: முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான திட்டங்கள், நேசரிகள், பகல் பராமரிப்பு நிலையங்கள் பற்றி அவருக்குத் தெரியும். அதே கட்டடத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். உங்கள் கணவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போயிருந்தால் குடும்பத்துக்கு என்ன உரித்து என்று அவரிடம் விசாரியுங்கள். அவர்கள் களத்துக்குப் போகும் நாட்களும் உண்டு, ஆகவே எந்த நாள் கந்தோரில் இருப்பார்கள் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். படிவங்களைத் தமிழில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவும் வீட்டின் நிலைமையைப் பார்த்துத்தான் தருகிறார்கள். கணவர் வெளிநாட்டில் என்பதால் கிடையாது என்று நீங்களே முடிவெடுக்காமல், விண்ணப்பம் கோரும்போது போடுங்கள். இதற்கெல்லாம் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

பல கிளினிக் பகுதிகளில் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் இயங்குகின்றன. உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். இல்லையென்றால் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கும் தாயிடம் முதலில் கதையுங்கள். ஒரே தெருவில் மூன்று தாய்மார் சேர்ந்தால் போதும். ஒருவர் மற்றவரின் பிள்ளையை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்வது எந்தத் திட்டத்திலும் கிடைக்காத உதவி. உங்களுக்கு ஒரு தலைமுழுக்கும் ஒரு தூக்கமும் அதில் கிடைக்கும்.

அந்தத் தூக்கம் முக்கியம். பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளைகளைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது என்றால் அது உங்கள் குணமோ குறையோ அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும், சிகிச்சையால் மாறக்கூடிய வருத்தம். மிட்வைஃப் மிஸ்ஸிடமே சொல்லலாம். இரவில் தாங்க முடியாமல் இருந்தால் 1926 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். பிள்ளைக்கு அவசர சுகவீனம் என்றால் 1990 அம்புலன்ஸ் வீட்டுக்கே வரும், கட்டணம் இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைத்தான் முதலாம் ஆண்டில் சேர்ப்பார்கள். விண்ணப்பம் அதற்கு முந்திய வருடமே போகும். வீட்டுக்குக் கிட்டிய பாடசாலைக்கு விண்ணப்பிக்கும்போது வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். கலியாணம் முடித்து வந்த பலருடைய பெயர் இன்னும் தாய் வீட்டில்தான் கிடக்கிறது. உங்கள் பெயர் வவுனியாவில் இருந்தால், இந்த வருட இடாப்புத் திருத்தத்திலேயே பாலையூற்றுக்கு மாற்றித் தரச் சொல்லி ஜி.எஸ்.ஸிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) கேளுங்கள். கணவரின் பெயர் விடுபட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.