பழைய போர்டு, புது ராம்: வாசகர் கேள்வி-பதில்

என் மதர்போர்டில் டிடிஆர்2 (பழைய தலைமுறை) ராம். டிடிஆர்3 கிராஃபிக்ஸ் கார்டு ஒத்துப்போகுமா? (அல்சூர்)

போகும். கிராஃபிக்ஸ் கார்டில் ஒட்டியிருக்கும் மெமரி, அந்தக் கார்டின் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். போர்டு ராமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எக்ஸ்16 ஸ்லாட் (கிராஃபிக்ஸ் கார்டு செருகும் நீள ஸ்லாட்) இருக்கிறதா, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

இன்டெல் 945 போர்டில் 4 ஜிபி ராம் போட்டிருக்கிறேன். விண்டோஸ் 7, 64 பிட். 3.2 ஜிபிதான் காட்டுகிறது. என் 1 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு மீதியைத் தின்றுவிடுகிறதா? (மர்ஃபி டவுன்)

முழுதாக இல்லை. கார்டில் எத்தனை ஜிபி இருந்தாலும் அது பெரும்பாலும் 256 எம்பி முகவரி இடம்தான் (ராமையும் சாதனங்களையும் கணினி அடையாளம் காணும் எண் வரிசை) கேட்கும். பிசிஐ சாதனங்களும் (போர்டோடு இணையும் மற்ற சாதனங்கள்) பயாஸும் (கணினியைத் துவக்கும் நிரல்) மீதியை எடுக்கின்றன. 945 சிப்செட்டுக்கு (ராமையும் சாதனங்களையும் இணைக்கும் போர்டின் சிப்) 4 ஜிபிக்கு மேல் முகவரியே கிடையாது. மறைந்த ராமை மேலே தள்ளி வைக்க அதற்கு இடமில்லை. விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 4 ஜிபி டிடிஆர்2 இரண்டு வாங்கினேன். திரை கறுப்பு. ராம் கெட்டதா? (ஸ்ரீராமபுரம்)

போர்டு மாடலை எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? நல்லவேளை, கடிதத்தின் கடைசி வரியில் ஜி31 என்று இருந்தது. அந்த இன்டெல் சிப்செட் மொத்தமே 4 ஜிபிதான் ஏற்கும். உங்களுக்கு வேண்டியது 2 ஜிபி ஸ்டிக் இரண்டு, 800 மெகாஹெர்ட்ஸ்.

இன்னொரு வம்பும் உண்டு. மலிவாக விற்கும் 4 ஜிபி டிடிஆர்2 ஸ்டிக்குகளில் பல, ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடுபவை. சில லேபிள்களில் அதுவே அச்சாகியிருக்கும். அவற்றில் உள்ள சிப்புகள் 4 பிட் அகலம். இன்டெல் டெஸ்க்டாப் சிப்செட்டுகளுக்கு 8 அல்லது 16 பிட் வேண்டும். சிப்புக்குள் நெடுவரிசையைக் குறிக்கும் முகவரியும் 10 பிட்டுக்குப் பதில் 11. அதனால் இன்டெல் போர்டில் திரை வராது, அல்லது பாதி அளவு காட்டும். ஸ்டிக் கெடவில்லை, போர்டும் கெடவில்லை. விற்ற விதம்தான் கெட்டது. இன்டெல் போர்டு என்று தெரிந்தும் இதைத் தலையில் கட்டுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். ஆயிரம் ரூபாய்க்குள் பழைய கணினிக்கு உயிர் கொடுக்க வருகிற மாணவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

லேபிளில் 2ஆர்எக்ஸ்8 (2Rx8) என்று தேடுங்கள்; கடைசி 8 என்பது 8 பிட் சிப்பு. 'ஜி31 போர்டுக்கு' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்றிக் கேட்க அதுதான் ஆதாரம். போர்டு மாடல், ராம் ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்திலோ பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு நடுவிலோ பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். சிபியு-இசட் (CPU-Z) என்ற மென்பொருளிலும் 'மெயின்போர்டு' பக்கத்தில் தெரியும்.

என்விடியா 6200 டர்போகேஷ் கிராஃபிக்ஸ் கார்டின் பெட்டியில் 256 எம்பி என்கிறது, கார்டில் 64தானாம். மோசடியா? (விவேக்நகர்)

மீதி உங்கள் ராமிலிருந்து கடன். 'வரை ஆதரிக்கும்' என்ற சிறு எழுத்தைப் படியுங்கள்.

பழைய ஏஜிபி (எக்ஸ்16-க்கு முந்தைய ஸ்லாட்) கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று கிடைத்தது. 845 போர்டில் போடலாமா? (சிவாஜிநகர்)

கார்டின் தங்கப் பற்களுக்கு நடுவே இருக்கும் வெட்டைப் பாருங்கள். பின்பக்கத் தகட்டை ஒட்டிய வெட்டு மட்டும் இருந்தால் அது 3.3 வோல்ட்; 845 ஏற்பது 1.5 வோல்ட் மட்டுமே. அழுத்திச் செருகினால் போர்டு போய்விடும்.

கார்டு போட்டதும் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப். (கே.ஆர். புரம்)

அவார்டு பயாஸ் என்றால் இது வீடியோ கோளாறு. போர்டு மாடலை நீங்களும் எழுதவில்லை! மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கார்டின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்துங்கள். 6 முள் பவர் இணைப்பு இருந்தால் அதையும் செருகுங்கள். பாதிப் பேர் மறப்பது அதைத்தான்.