நிறுவல் பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி: 2009-இல் வாங்கிய என் மேசைக்கணினியில் கோர் 2 டுயோ செயலியும் 2 ஜிபி ராமும் உள்ளன. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை நிறுவ மூன்று முறை முயன்றும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிட்டது. மின் இணைப்பைத் துண்டித்தால் தேதியும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது. கணினியின் வயதுதான் காரணமா?

பதில்: வயது மட்டும் காரணமாகாது. தங்கள் செயலி 64 பிட் வகை என்பதால் இந்த இயங்குதளத்தை அது ஏற்கும். நிறுவல் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். பென் டிரைவில் உள்ள கோப்பு பழுதாகியிருந்தால் நிறுவல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடைப்படும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் ராமையும், அடுத்து ஹார்ட் டிஸ்க்கையும் சந்தேகிக்க வேண்டும். ஆயினும், பதிவிறக்கிய கோப்பு பழுதின்றி இருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணை, மின்ட் தளத்தில் தந்துள்ள எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். சில நிமிட வேலைதான்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசக் கருவியைத் தனியொரு பென் டிரைவில் பதிந்து, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும். அவ்வாறு காட்டினால், மின் இணைப்பை நீக்கிவிட்டு ராம் துண்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பொருத்தி, அவை பொருந்தும் ஸ்லாட்டையும் மாற்றிச் சோதித்தால் பழுது துண்டிலா ஸ்லாட்டிலா என்பது தெரிந்துவிடும்.

ராமில் குறையில்லையென்றால், மின்ட்டை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கி, அதிலுள்ள டிஸ்க்ஸ் என்னும் மென்பொருளில், ஹார்ட் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். பழுதானதால் மாற்றப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கையோ, படிக்க இயலாமல் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். தரவு கடத்தலில் நேரும் சிஆர்சி பிழைகள் மட்டும் கூடினால், டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்கலாம். இச்சோதனைகள் முடியும்வரை நான்காம் முறை முயலாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பழுதான டிஸ்க்கில் மேலும் எழுத எழுத, அதில் எஞ்சியிருக்கும் தங்கள் படங்களும் ஆவணங்களும் மீட்க முடியாமல் போகக்கூடும். அவற்றை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி மாறுவது தனிக் கோளாறு. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றாவிட்டால் கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸில் தாங்கள் அமைத்த பூட் வரிசையும் (எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசை) அழிந்துவிடக்கூடும். தேதி தவறாக இருக்கையில் இணையதளச் சான்றிதழ்களும் செல்லாமற்போய், நிறுவலின்போது மென்பொருள் பொதிகளை இறக்குவது தடைப்படக்கூடும்.

2 ஜிபி என்பது மின்ட்டுக்குக் குறைந்தபட்ச அளவு. 4 ஜிபியே பரிந்துரைக்கப்படுவது. ராமைக் கூட்ட முடியவில்லை என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.