மூன்றரை லட்சம் செலவழித்த தாரை ஷோரூமில் தள்ளிவிடலாமா?

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். 2021-இல் வாங்கிய மஹிந்திரா தார், எல்.எக்ஸ். டீசல், ஹார்ட் டாப். மீட்டர் 46,000 கிலோமீட்டர் காட்டுகிறது. வாங்கி 12,000 ஓடியதும் வண்டியை இரண்டு இன்ச் உயர்த்தும் லிஃப்ட், 33 இன்ச் டயர், இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்நார்கெல் குழாய், கூரையில் எல்.இ.டி. பார் என்று மூன்றரை லட்சம் செலவு செய்தேன். இப்போது குடும்பத்துக்காக ஐந்து கதவு தார் ராக்ஸ் எடுக்கலாம் என்று போனால், என் வண்டிக்கு 8 லட்சத்து 40 ஆயிரம், அதோடு எக்ஸ்சேஞ்ச் போனஸ் 60 ஆயிரம் என்கிறார்கள். ஒரு புரோக்கர், 11 லட்சத்துக்குப் பார்ட்டி ரெடி, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்கிறார். பழைய டயர், சஸ்பென்ஷன் எல்லாம் தோப்பு வீட்டில் கிடக்கின்றன. கம்பெனி பம்பரை மட்டும் இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். யாரிடம் கொடுப்பது?

பதில்: இரண்டு பேரிடமும் வேண்டாம். வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்தபடி திருப்புங்கள். கழற்றிய சாமான்களைத் தனியாக விற்றுவிட்டு, வண்டியை நீங்களே ஆள் பார்த்து விற்றுக்கொள்ளுங்கள். புரோக்கர் கேட்கும் அந்தக் கையெழுத்தை மட்டும் இன்றைக்கே மறுத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஷோரூம்காரர் ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறார்? உங்கள் வண்டி மோசம் என்பதால் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விழலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விதிக்கு மாறான வண்டியை விற்கிற டீலருக்கோ வண்டிக்கு ஒரு லட்சம். ஆகவே உங்கள் வண்டியை எடுக்கிறவர், எல்லாவற்றையும் கழற்றி, பழைய பாகம் தேடி மாட்டித்தான் மறுபடி விற்க முடியும். அந்தச் செலவையும் தலைவலியையும் முன்கூட்டியே உங்கள் விலையில் கழித்துவிடுகிறார். கழற்றிய வின்ச்சும் டயரும் யாருக்குப் போகும் என்று அவர் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இதில் எனக்கு ஆறாத ஒரு கோபம் உண்டு. புல் பார் போன்ற இரும்பு பம்பருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. ஆனால் புது வண்டி எடுக்கப் போகிறவரிடம் 'சார், ஒரு புல் பார் போட்டுவிடலாமா' என்று கேட்டு, பில்லும் போட்டு மாட்டி அனுப்புகிற கவுன்டர்கள் இன்றும் இருக்கின்றன. நான்கு வருடம் கழித்து அதே வண்டி எக்ஸ்சேஞ்சுக்கு வந்தால், 'ஐயோ, இது சட்டவிரோதம்' என்று விலையைக் குறைக்கிறார்கள். மாட்டியவருக்கு ஒன்றும் ஆவதில்லை. நம்பி மாட்டிக்கொண்டவர்தான் இரண்டு முறை பணம் இழக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதை வைத்துச் சண்டை போடுகிறார். 'ஃபோர்ஸ் கூர்க்காவில் ஸ்நார்கெல் இருக்கிறதே, அதை யாரும் பிடிப்பதில்லையே, என் வண்டியில் மட்டும் ஏன் தப்பு?' என்பார்கள். கூர்க்காவில் ஸ்நார்கெல் தொழிற்சாலையிலேயே மாட்டப்படுகிறது. அந்த மாடலுக்கு அரசு ஒப்புதல் வாங்கும்போதே அது வண்டியின் ஒரு பாகம். ஆகவே கூர்க்காக்காரர் அதைக் கழற்ற வேண்டியதில்லை, கழற்றினால்தான் வண்டி மாறுகிறது. தாரில் அதே ஸ்நார்கெல்லை, அதைவிடத் தரமானதையே மாட்டினாலும், அது வெளியிலிருந்து வந்த பாகம். பொருள் என்ன என்பது கேள்வியே அல்ல, அது எங்கே ஏறியது என்பதுதான் கேள்வி. ஷோரூமில் மாட்டியது தொழிற்சாலையில் மாட்டியது ஆகாது. கம்பெனி முத்திரையோடு டப்பாவில் வந்தாலும், பில்லில் 'அக்சசரி' என்று தனி வரியாக இருந்தால் அது அக்சசரிதான். உங்கள் வண்டியை முதன்முதலாகப் பதிவு செய்த நாளில் அது எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குத் திரும்புங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் மாடலின் கம்பெனி பிரசுரத்தை எடுத்து, படத்தையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்றரை லட்சத்தை விலையில் ஏற்றி வாங்கலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது உங்கள் ரசனை அல்ல. லிஃப்ட் ஏற்றிய வண்டியைப் பார்த்ததும், 'இதை ஆற்றிலும் பாறையிலும் அடித்திருப்பார்கள்' என்றுதான் முதலில் தோன்றும். அதே வின்ச்சைத் தனியாக வைத்தால், மலைப் பாதையில் வண்டி ஓட்டும் கூட்டத்தில் கேட்க ஆள் உண்டு. டயரில் பாதிக்கு மேல் தேயாத பட்டன் இருந்தால் அதற்கும் விலை உண்டு. என் அனுபவத்தில், நீங்கள் செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 1 லட்சத்து 10 ஆயிரம் போலக் கைக்கு வரும். கழற்றி மாட்ட, பம்பர் தேட, அலைன்மென்ட் பார்க்க 40 ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள். பழையபடி திரும்பிய உங்கள் தார் பத்தரை லட்சத்துக்குப் போகும் என்பது என் மதிப்பு. ஆக மொத்தம் 11 லட்சத்து 20 ஆயிரம். ஷோரூம் தருவது போனஸையும் சேர்த்து 9 லட்சம். இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு ஒரு மாத அலைச்சல் தகும் என்றுதான் நான் சொல்வேன்.

பம்பருக்குக் கவலைப்படாதீர்கள். புது வண்டி எடுத்த கையோடு கம்பெனி பம்பரைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். மாற்று வேலை செய்யும் கடைகளில் அவை சும்மா கிடக்கும். சென்னைப் பக்கம் ஆள் இருந்தால் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் கேட்கச் சொல்லுங்கள், பில்லோடு வாங்குங்கள். சிக்கல் ஸ்நார்கெல்லில்தான், ஏனென்றால் அதற்காக ஃபெண்டரில் ஓட்டை போட்டிருப்பார்கள். ஃபெண்டரை மாற்றிப் பெயின்ட் அடித்தால் நிறம் லேசாகத் தனித்துத் தெரியும், பார்க்கிறவர் 'அடிபட்ட வண்டி' என்று முடிவு கட்டிவிடுவார். அதனால் கழற்றுவதற்கு முன்பு ஸ்நார்கெல்லோடு நாலைந்து புகைப்படம் எடுத்து வைத்து, எதற்காக மாற்றினீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயத்தையும் நீங்களாகவே சொல்லிவிடுவது நல்லது. தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். லிஃப்ட் ஏற்றினால் முன் ஆக்ஸில் சாய்ந்து வேலை செய்யும், அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். வாங்க வருகிறவர் கூட்டிவரும் மெக்கானிக் முதலில் அங்கேதான் டார்ச் அடிப்பார். முன்பே பார்த்து மாற்றிவிடுங்கள். அடுத்தது மீட்டர். உங்கள் வண்டியின் அசல் டயர் 255/65 ஆர் 18, விட்டம் சுமார் 79 சென்டிமீட்டர். 33 இன்ச் டயரோ கிட்டத்தட்ட 84. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. பெரிய டயரில் ஓடிய 34,000-க்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் குறைவாகக் காட்டியிருக்கும். இதை வாங்குகிறவரிடம் சொல்லுங்கள், விலை பெரிதாகக் குறையாது.

எக்ஸ்சேஞ்ச் செய்தால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பழைய காரின் விலையைக் கழித்து மீதிக்குத்தான் விற்பனை வரி, அந்த வீடியோக்களைப் பார்த்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இங்கே பழைய வண்டி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் புது வண்டியின் முழு விலைக்குத்தான் வரி. தமிழ்நாட்டில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் சாலை வரி 18 சதவீதம், அதுவும் முழு விலைக்கே. ஆகவே ஷோரூமில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'என்னிடம் பழைய வண்டியே இல்லை என்றால் ராக்ஸ் என்ன விலை?' அதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுங்கள். போனஸ் என்று ஒரு கையில் கொடுப்பதை, தள்ளுபடியில் மறு கையால் எடுத்துக்கொள்கிறார்களா என்பது அப்போதுதான் தெரியும். பழைய வண்டியை வெளியில் விற்று, பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டினால் போனஸ் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சில நேரம் கிடைக்கிறது.

இப்போது அந்தக் கையெழுத்து. பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.வில் கொடுக்கும் படிவம் 29-லும் 30-லும் வாங்குகிறவர் பெயரை எழுதாமல் உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்கிப் போவதுதான் புரோக்கர்களின் பழைய வழக்கம். வண்டி போகும், பணமும் வந்துவிடும். ஆனால் பெயர் மாறாது. பெயர் மாற்றினால் உரிமையாளர் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும், விலை குறையும் என்பதால் அந்தத் தாள்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். இப்படிப் பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, இழப்பீட்டுக்கு அவரே உரிமையாளர் என்றது. விற்றுப் பல மாதங்கள் ஆன பிறகும் அந்த முதல் ஆள் தப்பவில்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்த காலத்தில், ஜீப்பை விற்று இரண்டு வருடம் ஆன ஒரு பெரியவர், தான் பார்த்தே இராத ஒரு விபத்துக்காக நீதிமன்றம் ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். விற்ற ரசீது அவரிடம் இருந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை.

சட்டம் எளிமையானதுதான். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, நீங்களும் அவரும் சேர்ந்து விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். பொள்ளாச்சி என்பதால் பாலக்காட்டிலிருந்து ஆள் வருவார், நல்ல விலையும் சொல்வார். அங்கே மாற்று வேலை செய்த வண்டிகளை ரொம்பக் கறாராகப் பார்க்கிறார்கள். மறுபதிவின்போது வண்டியைப் பார்ப்பார்கள் என்பதால், எல்லாவற்றையும் கழற்றாமல் கொடுக்காதீர்கள். இன்னொன்று, வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அங்கே புது எண் விழும் வரை பதிவேட்டில் நீங்கள்தான்.

புரோக்கர் மூலம்தான் போக வேண்டும் என்றால், அவரிடம் பழைய வாகன டீலர் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இதற்கென்று விதி வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி-யில் ஆன்லைனில் தெரிவித்தால், அன்றிலிருந்து பொறுப்பு அவருடையது. எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இதை ஒரு தட்டியில் எழுதி வைத்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பிக்கும். இத்தனை வருடத்தில் நான் போன எந்த ஆபீஸிலும் அப்படி ஒரு தட்டியைப் பார்க்கவில்லை.

கடன் பாக்கி இருந்தால் முதலில் அடைத்து, ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்கிவிடுங்கள். வண்டி கைமாறிய அன்றே ஃபாஸ்டேகை மூடுங்கள். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தமானது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். எக்ஸ்சேஞ்ச் அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இந்த வாரம் தோப்பு வீட்டுக்குப் போய், பழைய ஸ்பிரிங்கும் ஷாக்கும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு வருடமாகத் தரையில் கிடந்த டயரின் ஓரங்களில் வெடிப்பு இருந்தால் அதை மாட்ட வேண்டாம், அந்தச் செலவையும் 40 ஆயிரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.