ஃபால்ஸ் சீலிங் போட்டும் ராத்திரி வீடு கொதிக்கிறதே, ஏன்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கட்டிய தனி வீடு. கீழே மாமனார், மாமியார். முதல் மாடியில் 900 சதுர அடியில் இவர்கள் குடும்பம், அதற்கு மேல் மொட்டை மாடி. வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று சொன்னதை நம்பிப் போன வருடம் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடையிலும் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து நடுராத்திரி வரை உள்ளே உட்கார முடியவில்லை. ஏசி ஓயாமல் ஓடி, கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. இப்போது ஒருவர் மாடி முழுக்கத் தகர ஷீட் போடச் சொல்கிறார், இன்னொருவர் கூல் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார், மூன்றாமவர் சீலிங்குக்குள் தெர்மோகோல் வைக்கச் சொல்கிறார். "இதில் எது சரி சார்? இல்லை, மூன்றுமே வியாபாரமா?"

மூன்றிலும் விஷயம் உண்டு, வியாபாரமும் உண்டு. எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும். உங்கள் வீட்டில் கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார்கள்.

கத்திரி வெயிலில் உச்சி வேளைக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் வெயில் இறங்குகிறது. 900 சதுர அடி என்றால் சுமார் 84 சதுர மீட்டர். அதாவது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் எண்பதுக்கு மேல் உங்கள் மாடியில் ஒரே நேரத்தில் ஆன் செய்து வைத்த கணக்கு. பாசி படிந்து கறுத்த சிமென்ட் தரை அதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அது ஐந்து அங்குல கான்கிரீட்டைக் கடந்து கீழே வர நான்கைந்து மணி நேரம் ஆகும். மேலே மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு உச்சத்தைத் தொட்ட சூடு, சாயங்காலம் ஆறு, ஏழு மணி வாக்கில் கீழே வந்து சேர்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி. உங்கள் தலைக்கு மேல் இருப்பது 84 சதுர மீட்டர் தோசைக்கல்.

சரி, ஃபால்ஸ் சீலிங் என்ன செய்கிறது? கல்லுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு அட்டையைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். முதல் சில மணி நேரம் வித்தியாசம் தெரியும். அப்புறம் இடையில் உள்ள காற்றும் சுட்டு, அட்டையும் சுட்டுவிடும். கல்லை யாரும் ஆறவைக்கவில்லையே.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. நம் ஊரில் பல பழைய அறைகளில் சீலிங்கை ஒட்டிச் சுவரில் ஒரு வென்டிலேட்டர் இருக்கும். சாய்ந்த கண்ணாடி வைத்தோ சிமென்ட் ஜாலி வைத்தோ கட்டியிருப்பார்கள். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகத்தான் வெளியே போகும். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் அதற்குக் கீழே சட்டம் அடித்து மூடிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் வென்டிலேட்டர் எங்கே போனது என்று வெளியே நின்று பாருங்கள். அட்டைக்கு மேலே இருந்தால், அதை அடைக்காமல் கொசுவலை அடித்துத் திறந்துவிடுங்கள், முடிந்தால் எதிர்ச் சுவரிலும் ஒன்று. அட்டையில் லைட்டுக்காக வெட்டிய ஓட்டைகளைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஏசி குளிர் அந்த வழியாக வெளியே போகும்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மேலே நாட்டு ஓடு, கீழே மரப்பலகை மச்சு, நடுவே நெல்லும் புளியும் பழைய பாத்திரமும் அடைந்து கிடக்கும் இடம். மதியத்தில் மச்சில் ஏறினால் மூச்சு முட்டும், கீழே கூடத்தில் படுத்தால் தூக்கம் வரும். ஓட்டு இடுக்குகள் வழியாக அந்தச் சூடு தானே வெளியேறியது. செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டையே இரண்டு மூன்று அடுக்காக வேய்ந்திருப்பார்கள். நாம் கான்கிரீட்டுக்கு மாறியபோது மச்சையும் விட்டோம், காற்று போகும் வழியையும் விட்டோம்.

ஆனாலும் வென்டிலேட்டரைத் திறப்பதோடு உங்கள் பிரச்சினை தீராது. சூடு உள்ளே வந்த பிறகு அதை விரட்டுவதைவிட, மேலேயே நிறுத்துவது மலிவு. அதனால் முதல் வேலை வெள்ளை.

ஒரு சின்னச் சோதனை. மாடியின் ஒரு மூலையில் நாலுக்கு நாலு அடி கழுவிக் காயவைத்து, சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நில்லுங்கள், பிறகு பக்கத்துக் கறுத்த தரையில் கால் வையுங்கள். வெள்ளையில் நின்று பேசலாம்; மற்றதில் குதிப்பீர்கள். புது வெள்ளைப் பூச்சு வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் இது குறையும் என்பதால் கோடையில் மாதம் ஒருமுறை விளக்குமாறும் தண்ணீரும் வேண்டும்.

சுண்ணாம்பா, கூல் பெயிண்ட்டா? கை இறுக்கமாக இருந்தால் தயங்காமல் சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பை ராத்திரியே நீற்றி, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் ஃபெவிகால் போன்ற பசையும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு கோட் நீளவாக்கில், மறுநாள் ஒரு கோட் குறுக்கே. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரும்பகுதி கரைந்துவிடும், அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம்; மதுரைக்கு வெள்ளை தேவைப்படுவதே மாசியிலிருந்துதான்.

ரப்பர் போல இழுபடும் கூல் ரூஃப் பூச்சு சில வருடம் தாங்கும், நுண்ணிய விரிசலையும் அடைக்கும். வாங்கும்போது டப்பாவில் இருக்கும் பனிக்கட்டிப் படத்தைப் பார்க்காமல் எஸ்ஆர்ஐ எண்ணைக் கேளுங்கள்; வெயிலைத் திருப்பி அனுப்பி, வாங்கிய சூட்டையும் வெளியே விடும் திறனைச் சொல்லும் எண் அது. நூறுக்குப் பக்கத்திலோ மேலேயோ இருந்தால் நல்லது. அந்த எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்க மாட்டேன். எந்தப் பூச்சாக இருந்தாலும் தண்ணீர் தேங்கும் இடத்தில் உரிந்துவிடும் என்பதால், முதலில் வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். வெள்ளைத் தரை ஈரத்தில் வழுக்கும், வெயிலில் கண் கூசும். துணி காயப்போட வரும் மாமியாரிடம் சொல்லிவைப்பது நல்லது.

வெள்ளை அடித்த ஒரு கோடை முழுக்க இருந்து பாருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால்தான் அடுத்த செலவு: கான்கிரீட்டுக்கு மேலே இன்சுலேஷன்.

இதைச் சொன்னதும், "எங்கள் வீட்டில் தட்டோடு போட்டிருக்கிறதே" என்பார்கள். தட்டோட்டுக்கு அடியில் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம் நல்ல வேலைதான். 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. அந்தக் காலத்தில் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தெருவுக்கே தாளம் கேட்கும். ஆனால் அது முதன்மையாக மழைக்கான தளம். வெயிலுக்கு ஓரளவுதான் உதவும்.

கணக்கில் பார்ப்போம். வெளியிலும் உள்ளேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக எத்தனை வாட் இறங்குகிறது என்பதை யு-வேல்யூ என்பார்கள். வெறும் ஐந்து அங்குல கான்கிரீட்டுக்கு அது 3.5 அளவில் வரும். மேலே மூன்று அங்குல ஜல்லித் தளமும் தட்டோடும் சேர்த்தால் 2.5-க்குப் பக்கத்தில். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, கூரைக்கு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஜல்லித் தளம் அந்தக் கோட்டை எட்டவில்லை. ஒரே ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் போர்டு வைத்தால் 0.9 அளவுக்கு இறங்கிவிடும். தெர்மோகோலுக்கு அண்ணன் முறை இது. அடர்த்தி அதிகம், தண்ணீர் குடிக்காது. நீர்க்கசிவுப் பூச்சு, அதன் மேல் போர்டு, அதன் மேல் வலை வைத்துக் காரை, கடைசியில் வெள்ளை டைல்ஸ். இது தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை. கூடுதல் எடையை வீடு தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள்.

அப்படியானால் அதே தெர்மோகோலைச் சீலிங்குக்குள் வைத்தால் என்ன? நானே வைத்துப் பார்த்தவன். என் வீட்டுப் படுக்கையறையில், கான்கிரீட்டுக்குக் கீழே ஒட்டி, அதற்குக் கீழே ஜிப்சம். ஏசி போட்டால் அறை சீக்கிரம் குளிர்ந்தது உண்மை. இரண்டாவது மழைக்காலத்தில் மேலே ஒரு விரிசலில் கசிந்த தண்ணீர் தெர்மோகோலுக்குப் பின்னால் எங்கெங்கோ ஓடி, ஒருநாள் ஜிப்சம் பலகை தொப்பை போட்டுத் தொங்கியபோதுதான் எனக்கே தெரிந்தது. பிரித்தால் உள்ளே ஒரு எலிக் குடும்பம். சாதாரணத் தெர்மோகோல் தீப்பிடித்தால் மூச்சை அடைக்கும் கரும்புகை வேறு. கீழே இன்சுலேஷன் வைத்தால் கான்கிரீட் முழு வெயிலையும் வாங்கி விரிந்து சுருங்குவதும் நிற்காது. கைப்பிடிச் சுவர் ஓரத்து விரிசல்களில் பல அதனால்தான்.

வாடகை வீட்டுக்காரர்கள், மாடி தங்கள் கையில் இல்லாத அபார்ட்மென்ட்காரர்கள், ஒரே ஒரு அறையில் ராத்திரி ஏசி போடுகிறவர்கள் கீழே வைத்துக்கொள்ளலாம், வேறு வழியில்லை. அவர்களும் ராக் வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) போன்ற எரியாத பொருளாகப் பார்க்கட்டும். அலுமினிய ஃபாயில் என்றால், பளபளக்கும் பக்கத்துக்கு எதிரே ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் நசுக்கி ஒட்டினால் அது வெறும் தகடு. பளபளப்பு மேலே பார்த்தபடி விரித்துவிட்டால் சில வருடத்தில் தூசி மூடிவிடும். கான்கிரீட்டுக்குக் கீழே, பளபளப்பு தரையைப் பார்க்கும்படி சட்டம் அடித்துக் கட்டுவதே நிற்கும்.

தகர ஷீட்டுக்கு வருவோம். இது வேலை செய்யும். வெயிலைத் தகரம் வாங்கிக்கொள்ள, கான்கிரீட் நிழலில் இருக்கும். நிபந்தனை ஒன்றுதான்: ஷீட்டுக்கும் மாடிக்கும் நடுவே காற்று தாராளமாக ஓட வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தும் எதிர்ப்பக்கம் உயர்ந்தும் இருந்தால், சுட்ட காற்று உயர்ந்த பக்கம் வழியாக வெளியேறி, தாழ்ந்த பக்கம் புதுக் காற்றை இழுக்கும். நம்மவர்கள் முதல் வருடம் ஷெட் போடுவார்கள், இரண்டாம் வருடம் சாரல் அடிக்கிறது என்று நாலு பக்கமும் ஷீட் அடித்து மூடுவார்கள். அன்றைக்கு அது அடுப்பாகிவிடும். கூரையில் சுழலும் டர்போ வென்டிலேட்டர் ஒன்றிரண்டு வைத்தாலும், கீழே காற்று நுழைய வழி இல்லாவிட்டால் அது சும்மா அழகுக்குச் சுற்றும்.

ஷீட் போட்டால் ஒரு நஷ்டமும் உண்டு. திறந்த மாடி ராத்திரியில் வானத்தைப் பார்த்துத் தன் சூட்டை விடும்; தகரம் அதை ஓரளவு மறைக்கிறது. அதனால்தான் வெறும் நிழலுக்காக என்றால் நான் ஷெட்டைச் சிபாரிசு செய்வதில்லை. துணி காயப்போட, பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்றால் போடுங்கள். கம்பத்துக்காகக் கான்கிரீட்டில் துளை போடும் ஒவ்வொரு இடமும் நாளை ஒழுகும் இடம், காற்றுக்கு ஷீட் பறக்காத பிடிமானமும் வேண்டும். மாநகராட்சி அனுமதி பற்றியும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மதுரை மாதிரி வறண்ட ஊரில் பலன் தெரியும், சென்னைப் புழுக்கத்தில் குறைவு. ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 0.65 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை எடுத்துப் போகும். ஆனால் விரிசல் உள்ள தளத்தில் தினமும் ஊற்றினால் கம்பி துருப்பிடிக்கும். தண்ணீருக்கு லாரி வரும் தெருவில் இதைச் சொல்ல எனக்கு மனசும் வராது.

வெள்ளை அடித்த பிறகு ராத்திரிப் பழக்கத்தையும் மாற்றுங்கள். காலை எட்டு மணிக்கு ஜன்னல்களைச் சாத்தித் திரை போடுங்கள், வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்த பிறகு எதிரெதிரே திறந்துவிடுங்கள். சமையலறை எக்ஸாஸ்டை அரை மணி நேரம் ஓடவிட்டால் வீட்டுக்குள் தேங்கிய சூடு வெளியேறும். அதன் பிறகு ஏசி. 20-ல் வைக்கும் பழக்கம் இருந்தால் 25-க்கு ஏற்றி, ஃபேனைச் சேர்த்துப் போடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏசி மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. நம் மின்வாரியக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அதிக விலை என்பதோடு போவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடும். உங்கள் வீடு அந்தக் கோட்டில்தான் நிற்கிறது.

கடைசியாக, ஷெட்டுக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால், அதில் சோலார் பேனலையும் யோசியுங்கள். மூன்று கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 300 சதுர அடி போகும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறார்கள். பேனலுக்குக் கீழே காற்று ஓடும் உயரம் விட்டுப் பொருத்தச் சொன்னால், அந்த 300 சதுர அடிக்கு நிழலும் கிடைக்கும். மேற்குப் பக்க அறைக்கு மேலே வருகிற மாதிரி இடம் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல் மேல் விழாமல் இருக்கிறதா என்பதைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் நீங்களே ஏறிப் பார்த்துவிடுங்கள்.